மருந்துக் கண்ணாடியில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை, தெற்கே கடலூர் சிப்காட் என்று நம்மைச் சுற்றி மருந்துத் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அங்கே தரக்கட்டுப்பாட்டிலும் பேக்கிங் பொருள் சோதனையிலும் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பேட்ச் கெட்டால் முதலில் மூலப்பொருளைச் சந்தேகிக்கிறோம், அப்புறம் தண்ணீரை, அப்புறம் மெஷினில் நின்ற ஆளை. பாட்டிலிடம் கடைசியாகத்தான் வருகிறோம். அங்கேயும் "சர்டிபிகேட்டில் டைப் 1 என்றுதானே போட்டிருக்கிறது சார்" என்ற பதிலோடு விசாரணை நின்றுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட சோதனையில் தேறிய கண்ணாடிக்கு டைப் 1 என்று பெயர், அவ்வளவுதான். உங்கள் மருந்து அதற்குள் இரண்டு வருடம் நலமாக இருக்குமா என்பதை அந்தச் சர்டிபிகேட் சொல்லாது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவையான அடிப்படை கொஞ்சம்தான். டைப் 1 என்பது போரோசிலிகேட். அதில் போரான் ஆக்ஸைடு சுமார் 10 முதல் 13 சதவீதம் இருக்கும், சோடியம் குறைவு. டைப் 3 என்பது சாதாரண சோடா லைம் கண்ணாடி. சோடியம் ஆக்ஸைடு மட்டும் 12 முதல் 16 சதவீதம் வரை இருக்கும். டைப் 2 என்பது அதே சோடா லைம் பாட்டில்தான். சூடாக இருக்கும்போதே உள்சுவரில் கந்தகச் சேர்மத்தைச் செலுத்தி, மேல்தோலில் உள்ள சோடியத்தை இழுத்து எடுத்திருப்பார்கள். டைப் 1 எல்லா ஊசி மருந்துக்கும் பொருந்தும் என்பது பொது விதி. டைப் 2 அமிலத் தன்மையோ நடுநிலையோ உள்ள நீர்க் கரைசலுக்கு. டைப் 3 எண்ணெய் ஊசி, பொடி ஊசி, சிரப் ஆகியவற்றுக்கு. இருமல் சிரப்புக்கு டைப் 1 கேட்பது வீண் செலவு. நீர் ஊசிக்கு டைப் 3 கொடுப்பது விளையாட்டில்லை.

விசாரணையைத் தொடங்கும் முன் மருந்தின் பி.எச். (அமில, கார அளவு), பஃபர் (பி.எச்.-ஐ மாறாமல் பிடித்துவைக்கும் பொருள்) எது, எப்படி ஸ்டெரிலைஸ் செய்தீர்கள் (கிருமி நீக்கினீர்கள்), பாட்டில் வந்த தேதி, சப்ளையரின் லாட் (சரக்குத் தொகுதி) எண், மோல்டில் (அச்சில்) வார்த்ததா குழாயிலிருந்து செய்ததா என்ற விவரங்களை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே லாட்டில் கழுவாத காலிப் பாட்டில் சிலவற்றை எடுத்து ஒதுக்கி வையுங்கள். இது மிக முக்கியம். கோளாறு தெரியவரும் நேரத்தில் ஸ்டோரில் அந்த லாட் தீர்ந்துபோயிருந்தால் பாதி உண்மை கைவிட்டுப் போனது போலத்தான்.

காலிப் பாட்டிலின் உள்ளே வெள்ளை மங்கல்

நம் ஊர்களில் அதிகம் வரும் புகார் இதுதான், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில். ஸ்டோரிலிருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்சுவர் புகைபடிந்து தெரியும். விரலால் தேய்த்தால் கொஞ்சம் போகும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் எதிரெதிரானவை. டைப் 2 பாட்டில் புதிதாக வந்திருந்தால் அந்த வெள்ளை பெரும்பாலும் சோடியம் சல்பேட். கந்தகப் பதப்படுத்தலில் இது இயல்பாக உண்டாகும், பதப்படுத்தல் நடந்திருக்கிறது என்பதற்கே அது அடையாளம். சமமாகப் பரவியிருக்கும், தண்ணீரில் கழுவினால் முழுதாகப் போய்விடும். அதைப் பார்த்து லாட்டைத் திருப்பி அனுப்பினால் நல்ல பாட்டிலைத் திருப்பியவர்கள் ஆவீர்கள்.

மற்றது கெட்ட வெள்ளை. காற்றிலுள்ள ஈரம் கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாக உட்காரும். அந்த ஈரம் கண்ணாடிக்குள்ளிருந்து சோடியத்தை வெளியே இழுக்கும், காற்றின் கரியமில வாயு அதோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகும். அந்த உப்பு மேலும் ஈரத்தை இழுக்கும், காரம் கூடும், கண்ணாடி இன்னும் அரிக்கும். பூப்பது என்று இதைச் சொல்வார்கள். டைப் 3 பாட்டிலில்தான் இது கடுமையாக வரும். கடலோர ஈரக்காற்று ஒரு காரணம். பகலில் சூடாகி இரவில் குளிரும் தகர ஷெட் அதைவிடப் பெரிய காரணம். ஷ்ரிங்க் ராப் போட்ட பேலட்டுக்குள் ஒவ்வொரு நாளும் பனித்துளி கோத்து, உலர்ந்து, மறுபடி கோக்கும்.

எது எது என்று பிரிக்க ஐந்து நிமிடம் போதும். கழுவாத பாட்டிலில் கொஞ்சம் சுத்திகரித்த நீர் ஊற்றிச் சுழற்றி, ஒரு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் விடுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் கார்பனேட், அதாவது பூத்த பாட்டில். நிறமே வராமல், பேரியம் குளோரைடு விட்டதும் நீர் வெள்ளையாகக் கலங்கி, அந்தக் கலங்கல் அமிலம் சேர்த்தும் கரையாமல் நின்றால் சல்பேட். சல்பேட் என்றால் கழுவிப் பயன்படுத்தலாம். கார்பனேட் என்றால் கழுவி, உலர்த்தி, மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாகிவிட்டால் ஆரம்ப நிலை. அந்த லாட்டைச் சீக்கிரம் பயன்படுத்திவிடுங்கள், அதுவும் சிரப்புக்கு மட்டும். கழுவிய பிறகும் எண்ணெய்ப் படலத்தில் தெரிவது போன்ற வானவில் நிறம் தெரிந்தால் மேல்தோலே அரிக்கப்பட்டுவிட்டது, கழித்துவிடுங்கள்.

அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்ணாடி மணி செய்த மண் நம்முடையது. மண்ணுக்குள் நெடுங்காலம் ஈரத்தில் கிடக்கும் பழங்கண்ணாடியின் மேல் படிகிற தோலும் இதே வேதியியலால் வருவதுதான். அங்கே நூற்றாண்டுகளில் நடப்பதை நாம் மோசமான ஸ்டோர் ஒன்றில் ஓராண்டில் நடத்திவிடுகிறோம்.

தடுப்பது பெரிய வேலை இல்லை. பேலட்டைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். மழைக்காலத்துக்கு முன்பே விலை குறைவு என்று ஆறு மாதச் சரக்கை வாங்கிக் குவிக்காதீர்கள். பர்ச்சேஸ் துறையில் இதற்காகச் சண்டை வந்தாலும் பரவாயில்லை, போடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்த பாட்டிலை உடனே பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிரியுங்கள்.

ஸ்டெபிலிட்டியில் (மருந்தை நாள்பட வைத்துப் பார்க்கும் சோதனையில்) பி.எச். ஏறிக்கொண்டே போகிறது

முதலில் கண்ணாடியைக் குற்றம் சொல்லாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: மருந்து சோடியம் பைகார்பனேட்டா? அப்படியென்றால் கரியமில வாயு வெளியேறினாலே பி.எச். ஏறும். மூடி கசிகிறதா என்று பாருங்கள், கண்ணாடியை விடுங்கள்.

பைகார்பனேட் இல்லை, பஃபரும் இல்லை அல்லது மிகக் குறைவு, சின்ன ஆம்பூல் (கழுத்தை முறித்துத் திறக்கும் ஊசிக் குப்பி) என்றால் கண்ணாடியின் மேல் சந்தேகம் நியாயமானது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அயனி கண்ணாடிக்குள் நுழைந்து சோடியம் அயனியை வெளியே தள்ளுகிறது. கரைசலில் காரம் மிஞ்சுகிறது. கொள்ளளவு சிறிதாக ஆக ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் அதிகக் கண்ணாடிப் பரப்பு படும். அதனால்தான் மருந்தியல் நூல்களில் உள்ள, உள்சுவர் விடும் காரத்தை அளக்கும் மேற்பரப்புச் சோதனையின் வரம்பே அளவுக்கு அளவு மாறுகிறது. டைப் 1, டைப் 2 இரண்டுக்கும் 100 மி.லி. சாற்றுக்கு (பாட்டிலில் வைத்துச் சூடாக்கிய நீருக்கு) 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலவாகும் அளவு, 1 மி.லி. வரையிலான குப்பிக்கு 2.0 மி.லி., 50 முதல் 100 மி.லி. பாட்டிலுக்கு 0.50 மி.லி. அதே கண்ணாடிதான், ஆனாலும் நான்கு மடங்கு வித்தியாசம். 100 மி.லி. பாட்டிலில் நன்றாக இருந்த ஃபார்முலாவை 1 மி.லி. ஆம்பூலுக்கு மாற்றிவிட்டு "கண்ணாடி அதேதான்" என்று சொல்வதில் பொருளில்லை.

அடுத்த கேள்வி, வந்தது நிஜமாகவே டைப் 1-ஆ என்பது. இதற்கு இரண்டு சோதனைகள் சேர்ந்தால் பதில் வந்துவிடும். ஒன்று கண்ணாடித் துகள் சோதனை. பாட்டிலை உடைத்து, சல்லடையில் சலித்து, கழுவி உலர்த்திய 10 கிராம் துகளை 50 மி.லி. நீரில் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோக்ளேவ் செய்து (அழுத்த நீராவியில் சூடாக்கி), மெத்தில் ரெட் என்ற நிறங்காட்டி போட்டு 0.02 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்வது, அதாவது காரம் தீர எவ்வளவு அமிலம் செலவாகிறது என்று அளப்பது. கிராமுக்கு 0.1 மி.லி.-க்குள் நின்றால் டைப் 1. அதைத் தாண்டி 0.85-க்குள் இருந்தால் சோடா லைம். இரண்டாவது மேற்பரப்புச் சோதனை. பாட்டிலை விளிம்பு வரை பிடிக்கும் கொள்ளளவில் 90 சதவீதம் நீரால் நிரப்பி, 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உள்சுவர் விட்ட காரத்தை அளப்பது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். துகள் சோதனையில் 0.1-க்குள் வந்தால் உடலே போரோசிலிகேட். துகளில் சோடா லைம் என்று வந்து, மேற்பரப்பில் டைப் 1-க்கான வரம்புக்குள் நின்றால் பதப்படுத்திய டைப் 2. துகளிலும் சோடா லைம், மேற்பரப்பிலும் பல மடங்கு என்றால் டைப் 3. மேற்பரப்புச் சோதனையை மட்டும் செய்துவிட்டு "டைப் 1 பாஸ்" என்று கையெழுத்துப் போடும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நல்ல டைப் 2 பாட்டிலும் அதில் பாஸ் ஆகும். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் உள்தோலை அரித்துப் பார்க்கும் முறையும் நூலில் உண்டு. சின்ன லேபில் அதற்குப் போகவேண்டிய அவசியம் அரிது. அந்த அமிலம் தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும். செய்தே ஆகவேண்டும் என்றால் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

டைப் 2 என்று உறுதியாகி, முதலில் சரியாக இருந்து இப்போது பி.எச். ஏறுகிறது என்றால், அந்தப் பாட்டில் ஏற்கெனவே ஒருமுறை நிரப்பித் திரும்பியதா என்று விசாரியுங்கள். சோடியம் நீக்கிய மேல்தோல் மெல்லியது. காரத்தில் கழுவி, மறுபடி ஆட்டோக்ளேவ் செய்தால் அது தேய்ந்து உள்ளிருக்கும் டைப் 3 வெளியே வந்துவிடும். டைப் 2-க்கு மறுபயன்பாடு கிடையாது.

புரட்டினால் மினுக்கும் செதில்கள்

இந்த அறிகுறியைக் கண்டால் வேறு எந்த வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு உட்காருங்கள். ஊசி மருந்துக்குள் கண்ணாடிச் செதில் மிதப்பது நோயாளியின் ரத்தக்குழாய் வரை போகும் விஷயம்.

பார்க்கும் விதம்: கறுப்புப் பின்னணி, பக்கவாட்டில் பலமான வெளிச்சம். குப்பியைக் குலுக்காதீர்கள், குமிழி கிளம்பி ஏமாற்றும். மெல்லத் தலைகீழாக்கி நிமிர்த்துங்கள். கடலூர் துறைமுகத்தில் மீன் கழுவிய தண்ணீரில் செதில் புரண்டு புரண்டு பளிச்சிடுமே, அதே மாதிரி தகடுகள் ஒரு பக்கம் திரும்பும்போது மின்னி, மறுபக்கம் திரும்பும்போது மறைந்துபோகும். நார் என்றால் வளைந்து மிதக்கும். ரப்பர்த் துகள் என்றால் கறுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும், மின்னாது. உடைந்த கண்ணாடித் தூள் என்றால் கனமாக விறுவிறுவென்று அடியில் இறங்கும். செதில் அப்படி இறங்காது, ஏனென்றால் அதன் கனம் ஒரு மைக்ரான் அளவுதான்.

இது எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எந்தக் கண்ணாடிக்கு மாறுவது என்று முடிவெடுக்க முடியும். குழாயிலிருந்து குப்பி செய்யும்போது அடிப்பாகத்தை மூட அந்த இடத்தைத் தீயில் மிக அதிகமாகச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடியிலிருந்து சோடியமும் போரானும் ஆவியாகி, சற்று மேலே, அடிவளைவை ஒட்டிய உள்சுவரில் போய்ப் படியும். அந்த வளையத்தில் கண்ணாடியின் கூட்டே மாறிப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, துகள் சோதனையிலும் தெரியாது, ஏனென்றால் துகள் சோதனை முழுக் கண்ணாடியையும் பொடித்துச் சராசரி பார்க்கிறது. பிறகு மருந்து அந்த வளையத்தை அரித்து, அடியில் ஈரம் ஏறி வீங்கி, தோல் உரிந்து தகடாகக் கழன்று வரும். ஆக, சர்டிபிகேட்டில் டைப் 1 என்று இருப்பதும் உண்மை, செதில் வருவதும் உண்மை.

2010-ல் அமெரிக்காவில் ரத்தசோகைக்கான எபோஜென், ப்ரோக்ரிட் ஊசிகளின் பல லாட்டுகள் இதே காரணத்துக்காகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டு, 2011-ல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துத் தயாரிப்பாளர்களை எச்சரித்து எழுதியது. அதில் சொன்ன ஆபத்துக் காரணிகள் இன்றும் விசாரணைக்கு நல்ல பட்டியல்: அதிகச் சூட்டில், அதாவது குழாய் முறையில் செய்த குப்பி, காரத் தன்மையுள்ள கரைசல், சிட்ரேட், டார்ட்ரேட் போன்ற பஃபர்கள், மருந்து கண்ணாடியோடு நெடுநாள் இருப்பது, நிரப்பிய பின் ஆட்டோக்ளேவ் செய்வது. பாஸ்பேட் பஃபரையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மருந்தில் இவற்றில் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பி.எச். 8-க்கு மேல், சிட்ரேட் பஃபர், ஆட்டோக்ளேவ், இரண்டு வருட ஆயுள் என்று எல்லாம் ஒன்றாக வந்தால் செதில் வருவதில் ஆச்சரியமே இல்லை.

உறுதிசெய்ய, குப்பியைக் காலிசெய்து, கழுவி, உள்ளே மெத்திலீன் ப்ளூ ஊற்றி ஊறவைத்து, மறுபடி கழுவுங்கள். அரிக்கப்பட்ட வளையம் நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். அடிவளைவுக்குச் சற்று மேலே நீலப் பட்டை தெரிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். புதுக் காலிக் குப்பியிலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். வசதி இருந்தால் கரைசலில் சிலிக்கா எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கக் கொடுங்கள். செதில் கண்ணுக்குத் தெரியும் முன்பே சிலிக்கா அளவு உயரத் தொடங்கிவிடும், ஸ்டெபிலிட்டியில் அதைத் தொடர்ந்து பார்த்தால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும்.

புதிய சப்ளையரின் குப்பிகளை முன்கூட்டியே சலித்தெடுக்க அமெரிக்க மருந்தியல் நூலான யுஎஸ்பி-யின் வழிகாட்டு அத்தியாயம் மூன்று கடும் நிலைகளைச் சொல்கிறது. 0.9 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு, பி.எச். 8, 121 டிகிரியில் ஒரு மணி நேரம். 3 சதவீத சிட்ரிக் அமிலம் பி.எச். 8-க்குத் திருத்தி, 80 டிகிரியில் 24 மணி நேரம். 20 மில்லிமோலார் கிளைசின், பி.எச். 10, 50 டிகிரியில் 24 மணி நேரம். மூன்று சப்ளையரின் குப்பிகளை ஒரே நாளில் வைத்துப் பார்த்தால், எல்லோரும் டைப் 1 என்று சொன்னாலும் விளைவு ஒன்றாக இருக்காது. இந்தச் சோதனைக்குச் செலவழிக்கும் இரண்டு நாளை நிர்வாகம் கேள்வி கேட்டால், ஒரு பேட்சைத் திரும்பப் பெறுவதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

தீர்வுகளில் முதலாவது, அதே டைப் 1-இல் மோல்டட் குப்பிக்கு மாறுவது. உருகிய கண்ணாடியிலிருந்து ஒரே வீச்சில் வார்ப்பதால் உள்சுவர் முழுதும் கிட்டத்தட்ட ஒரே கூட்டில் இருக்கும். சுவர் கனமும் சமமின்மையும் அதன் குறைகள், கண்ணால் சோதிப்பதும் சற்றுக் கடினம். இரண்டாவது, குழாய்க் குப்பியே வேண்டுமென்றால் அடிப்பாகம் செய்யும் சூட்டையும் வேகத்தையும் கட்டுப்படுத்திச் செய்த ரகத்தைக் கேட்பது. இதற்கு உற்பத்தியாளர்களிடம் தனி ரகங்கள் உண்டு, விலை கூடும். மூன்றாவது மருந்தின் பக்கம்: பஃபரை மாற்ற முடியுமா, பி.எச்.-ஐ 7-க்குக் கீழ் கொண்டுவர முடியுமா, ஆட்டோக்ளேவுக்குப் பதில் வடிகட்டி நிரப்பலாமா. என் கருத்தில் ஃபார்முலேஷன் ஆட்கள் இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் வரை கண்ணாடி சப்ளையரை மாற்றிக்கொண்டே போவதில் பலன் இல்லை.

மினுக்காத வெள்ளைத் தூள் அடியில்

இது வேறு கதை. மருந்து சல்பேட் உப்பா என்று பாருங்கள். சில போரோசிலிகேட் கண்ணாடிகளில் சிறிதளவு பேரியம் இருக்கும். அது கசிந்து சல்பேட்டோடு சேர்ந்தால் பேரியம் சல்பேட்டாகப் படியும், எதிலும் கரையாது. பேரியம் இல்லாத கூட்டைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்பேட் பஃபர் என்றால் கண்ணாடியின் அலுமினியத்தோடு சேர்ந்த அலுமினியம் பாஸ்பேட்டாக இருக்கலாம். படிவை வடித்தெடுத்துத் தனிமங்களைச் சோதிக்கக் கொடுக்காமல் ஊகத்தில் முடிவெடுக்காதீர்கள்.

அலுமினியம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் ஊசி கண்ணாடியிலிருந்து அலுமினியத்தை நன்றாக இழுக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மருந்து தெளிவாகவே இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் வழி ஊட்டத்தில் அதைச் சேர்க்கும்போது சிறுநீரகம் முதிராத அந்த உடம்பில் அலுமினியம் தங்கிவிடும். ரத்தக்குழாய் வழி ஊட்டத்துக்கான பெரிய அளவுக் கரைசல்களுக்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 25 மைக்ரோகிராம். கால்சியம் குளுக்கோனேட்டுக்குக் கண்ணாடியை விட்டுப் பிளாஸ்டிக்குக்குப் போவதுதான் சரி. இங்கே டைப் 1-உம் உதவாது.

நிறம் மாறுகிறது

உடனே "பழுப்பு பாட்டில் போடு" என்பார்கள். போடுவதற்கு முன் மூன்று மாதிரிகள் வையுங்கள்: வெள்ளைக் (நிறமற்ற) குப்பி வெளிச்சத்தில், வெள்ளைக் குப்பி அலுமினியத் தாளில் சுற்றி, பழுப்புக் குப்பி இருட்டில். வெளிச்சத்தில் வைத்தது மட்டும் மாறினால் ஒளிதான் காரணம், பழுப்புக் கண்ணாடி தீர்வு. மூன்றும் மாறினால் பெரும்பாலும் ஆக்ஸிஜன். மேலே நைட்ரஜன் நிரப்புவதையும் மூடியையும் பாருங்கள். தாளில் சுற்றியது நன்றாக இருந்து, இருட்டில் இருந்த பழுப்புக் குப்பி மட்டும் மாறினால், கவனம்: பழுப்பு நிறத்தைக் கொடுப்பதே கண்ணாடியில் உள்ள இரும்புதான். அது கசிந்தால் அட்ரினலின், வைட்டமின் சி போன்ற எளிதில் ஆக்ஸிகரணமாகும் மருந்துகளை வேகமாகக் கெடுக்கும். அப்போது வெள்ளைக் குப்பியை அட்டைப் பெட்டியில் அடைத்து, "பெட்டியிலேயே வைக்கவும்" என்று லேபிளில் போடுவது நல்ல வழி.

பழுப்பு என்றால் எல்லாம் ஒரே பழுப்பு என்று நினைக்க வேண்டாம். 290 முதல் 450 நானோமீட்டர் வரை எந்த அலைநீளத்திலும் ஒளி எவ்வளவு கடக்கிறது என்று அளக்க வேண்டும். வாய்வழி மருந்துப் பாட்டிலுக்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெல்லிய சுவரில் அதே கண்ணாடி அதிக ஒளியை விடும், ஆகவே சப்ளையர் பாட்டிலின் எடையைக் குறைத்தாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நீலப் பாட்டிலும் பச்சைப் பாட்டிலும் அழகுக்குத்தான்.

உடைகிறது

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடும் முன் ஒட்டவைத்துப் பாருங்கள். உடைந்த இடம் காரணத்தைச் சொல்லும்.

அடிப்பாகம் வட்டமாக, சுத்தமாகக் கழன்று வந்தால் வெப்ப அதிர்ச்சி. சூடான சிரப்பைக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றியது, ஆட்டோக்ளேவிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த நீர் பட்டது, டனலிலிருந்து (குப்பிகளைச் சூட்டில் கிருமி நீக்கும் சுரங்க அடுப்பிலிருந்து) வெளியே வந்ததும் ஏ.சி. காற்று நேராக அடித்தது, இவற்றில் ஒன்று. விரிவுக் குணகத்தின் (ஒரு டிகிரி சூட்டுக்குக் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதன்) எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. போரோசிலிகேட்டில் 33, 51 என்று இரண்டு ரகம் சொல்வார்கள், அதே அளவுகோலில் சோடா லைம் ஏறக்குறைய 90. எண் கூடினால் சூட்டில் அதிகம் விரியும், திடீர் மாற்றத்தைக் குறைவாகத் தாங்கும். டைப் 3 பாட்டிலுக்கு 40 டிகிரிக்கு மேல் திடீர் வித்தியாசம் கொடுக்காதீர்கள்.

பக்கச் சுவரில் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகக் கீறல் பரவியிருந்தால் மோதல். லைனில் எங்கே பாட்டிலும் பாட்டிலும் இடிக்கின்றன, எங்கே இரும்பு படுகிறது என்று நடந்து பாருங்கள். இந்த உடைப்புக்கு கண்ணாடி ரகத்தை மாற்றுவது வீண்.

உறைஉலர்த்தியில், அதாவது லையோவில் உடைந்தால், ஃபார்முலாவில் மானிட்டால் (பொடிக்கு உருவம் தரச் சேர்க்கும் சர்க்கரை வகைப் பொருள்) இருக்கிறதா என்று கேளுங்கள். உறைந்த மானிட்டால் மறுபடி சற்றுச் சூடாகும்போது படிகமாகி விரிந்து குப்பியைப் பிளக்கும். குப்பியில் நிரப்பும் உயரத்தைக் குறைப்பது, அதாவது அதே அளவு மருந்துக்குப் பெரிய குப்பி எடுப்பது, பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும். மெதுவாக உறையவிடுவதும் உதவும். லையோவுக்குக் குழாய்க் குப்பி விரும்பப்படுவதற்குக் காரணம் அடி மெல்லியதாகவும் சமமாகவும் இருப்பதால் தட்டிலிருந்து வெப்பம் சீராக ஏறும் என்பது. செதிலுக்காக மோல்டட் குப்பிக்கு மாறினால் லையோ சைக்கிளையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும், இதை மறந்துவிடாதீர்கள்.

ஆம்பூல் சரியாக முறியவில்லை, பொடி கட்டிபிடிக்கிறது, வீரியம் குறைகிறது

"ஆம்பூல் கையைக் கிழிக்குது" என்று மருத்துவமனையிலிருந்து புகார் வந்தால் கழுத்தில் உள்ள வெட்டின் ஆழத்தையும் முறிக்கத் தேவைப்படும் விசையையும் அளவிடுங்கள். ஒற்றை வெட்டு ஆம்பூலில் புள்ளி முறிப்பவரைப் பார்த்திருக்க, பின்புறமாக அழுத்த வேண்டும். புள்ளியும் வெட்டும் நேர்கோட்டில் இல்லாத லாட்டுதான் பெரும்பாலும் இந்தப் புகாருக்குக் காரணம். கண்ணாடி ரகத்துக்கு இதில் பங்கு குறைவு.

பொடி ஊசி கட்டிபிடித்தால் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். கண்ணாடி வழியாக ஈரம் நுழையாது. ஆட்டோக்ளேவ் செய்த ரப்பர் ஸ்டாப்பர் போதிய அளவு உலரவில்லை, அதுதான். டைப் 3 குப்பியில் உலர்ந்த பொடி நிம்மதியாக இருக்கும்.

மிகக் குறைந்த செறிவுள்ள புரத மருந்தில் வீரியம் குறைந்து, சிதைவுப் பொருளும் தென்படவில்லை என்றால், மருந்து சுவரில் ஒட்டியிருக்கலாம். இன்சுலின் கண்ணாடியில் ஒட்டுவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். குப்பியைக் காலிசெய்து சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பொருள்) கலந்த கரைசலால் அலசி, அந்த அலசல் நீரில் மருந்து கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எந்தக் கண்ணாடியும் ஒத்துவரவில்லை

மோல்டட் பார்த்தாயிற்று, சூடு கட்டுப்படுத்திய குழாய்க் குப்பியும் பார்த்தாயிற்று, பி.எச்.-ஐ மாற்ற முடியாத மருந்து, செதிலோ பி.எச். ஏற்றமோ நிற்கவில்லை. அப்போது உள்சுவரில் சிலிக்கா பூசிய டைப் 1 குப்பி ஒரு வழி. போரான் இல்லாத அலுமினோசிலிகேட் கண்ணாடி இன்னொரு வழி. சைக்ளிக் ஓலெஃபின் பாலிமர் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) குப்பி மூன்றாவது. பாலிமரில் செதில் பிரச்சினையே கிடையாது, ஆனால் ஆக்ஸிஜனும் நீராவியும் கண்ணாடியில் போல முழுதாக அடைபடாது. 300 டிகிரி டனலுக்குள்ளும் அனுப்ப முடியாது, ஆகவே கழுவி டனலில் விடும் உங்கள் லைனுக்கு அது பொருந்தாது. ஸ்டெரிலைஸ் செய்து வரும் குப்பியை வாங்கி நிரப்பும் ஏற்பாடு வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஸ்டெபிலிட்டியைப் புதிதாகத் தொடங்குங்கள். நிமிர்த்தி வைத்தவையும் தலைகீழாக வைத்தவையும் இரண்டுமே இருக்கட்டும், ஏனென்றால் நிமிர்த்தி வைத்ததில் மூடி மருந்தைத் தொடாது, தலைகீழாக வைத்ததில் அடிவளைவு தொடாது. பழைய குப்பியிலும் ஒரு தொகுதியை இணையாக ஓட்டுங்கள். பி.எச்., சிலிக்கா, கறுப்புப் பின்னணியில் கண்சோதனை, மெத்திலீன் ப்ளூ ஆகிய நான்கையும் ஒவ்வொரு தவணையிலும் பார்த்து, குப்பியின் லாட் எண்ணையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.